ஈரமும் வெப்பமும் ஒட்டின் ஆயுளும்



இரண்டு பொருள்களை ஒன்றாகச் சேர்ப்பதற்கு மனிதன் கண்ட வழிகள் பல. கயிற்றினாற் கட்டினான், ஆணியால் அறைந்தான், உலோகத்தை உருக்கிப் பொருத்தினான். இவை யாவற்றோடும் கூடவே பசையும் அவன் கையில் இருந்து வந்துள்ளது. மரத்திற் கசியும் பிசினும், குங்கிலியமும், விலங்குத் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்த வச்சிரமும் நம் முன்னோர் நன்கு அறிந்தவை. வச்சிரத்தைச் சுடவைத்துப் பூசிய தச்சர், அதன் பலத்தை அறிந்தது போலவே பலவீனத்தையும் அறிந்திருந்தார். மழையில் நனைந்தால் அது இளகிவிடும் என்பது அவருக்குத் தெரியும். ஆதலால் மரத்தில் முளையும் துளையும் செதுக்கி, ஒன்றினுள் ஒன்றைப் பூட்டி, அந்தப் பூட்டுக்குத் துணையாக மட்டுமே பசையை வைத்தார்.

இன்று நிலைமை வேறு. துணையாக நின்ற பசை இப்பொழுது சுமையைத் தானே தாங்குகின்றது. விமானத்தின் தோலும், காற்றாலையின் அலகும், மோட்டார் வண்டியின் உடலும், பெரிய மண்டபங்களின் மரவிட்டங்களும் பசையினாற் பிணைக்கப்படுகின்றன. பழைய பாலங்களின் அடியில் உருக்குத் தகட்டையோ கரியிழைத் தகட்டையோ ஒட்டி அவற்றுக்குப் புது வலிமை ஊட்டுகின்றனர். இவ்வாறு சுமை தாங்கும் பசையைக் குறித்து நாம் கேட்கவேண்டிய கேள்வி, ஒட்டிய மறுநாள் அது எத்தனை இறாத்தல் தாங்கும் என்பதன்று. அதை எந்தப் பரிசோதனைச் சாலையும் ஒரு மணி நேரத்திற் சொல்லிவிடும். இருபது மாரியும் இருபது கோடையும் கடந்த பின்னர் அது எத்தனை இறாத்தல் தாங்கும் என்பதே கேள்வி. அந்த விடையை நிர்ணயிப்பவை முக்கியமாக இரண்டு: ஒன்று ஈரம், மற்றையது வெப்பம்.

இவை தனித்தனியே செய்யும் தீங்கைவிடக் கூடிச் செய்யும் தீங்கு பெரிது. இதனை விளக்க, உலகறிந்த நிகழ்ச்சி ஒன்றை முதலில் எடுத்துக்கொள்வோம்.

1988ஆம் ஆண்டு ஏப்பிரல் 28ஆம் நாள், ஹவாய்த் தீவுகளில் அலோஹா நிறுவனத்தின் போயிங் 737 விமானம் ஒன்று ஹீலோ என்னும் ஊரிலிருந்து ஹொனலூலுவுக்குப் புறப்பட்டது. அதில் 95 பேர் இருந்தனர். 24,000 அடி உயரத்தை எட்டிய வேளையில், விமானத்தின் முன்பகுதிக் கூரை ஏறத்தாழ 18 அடி நீளத்துக்குக் கிழிந்து பறந்தது. பயணிகள் திறந்த வானத்தின் கீழ் அமர்ந்திருந்தனர். பணிப்பெண் ஒருவர் காற்றினால் வெளியே இழுக்கப்பட்டு மாண்டார். விமானிகள் சில நிமிடங்களில் மவுயித் தீவில் விமானத்தை இறக்கியமையால் ஏனையோர் உயிர் தப்பினர்.

அந்த விமானம் 1969இல் கட்டப்பட்டது. 19 ஆண்டுகளில் 89,680 தடவை பறந்திருந்தது. தீவுக்குத் தீவு செல்லும் குறுகிய பயணங்களே அதன் தொழில். ஒவ்வொரு தடவை மேலேறும்போதும் உள்ளே காற்றழுத்தம் கூடி அதன் உடல் சற்றே விம்மும், இறங்கும்போது தளரும். இந்த அழுத்தத்தைத் தாங்கவேண்டியவை அதன் மெல்லிய அலுமினியத் தகடுகள். ஒரு தகட்டின் விளிம்பு அடுத்த தகட்டின் விளிம்பின் மீது படியுமாறு வைத்து, இடையே எப்பொக்சிப் பசை தோய்ந்த துணியை இட்டு, மூன்று வரிசைத் தறையாணிகளும் அடித்திருந்தனர். சுமையின் பெரும்பங்கைப் பசை ஏற்றுக்கொள்ளும் என்பதே வடிவமைத்தோரின் கணக்கு.

கணக்கு எங்கே பிழைத்தது? அந்தப் பசைத்துணி இயல்பான சூட்டில் தானே இறுகிவிடும் தன்மையது. ஆதலால் பயன்படுத்தும்வரை அதனைக் கடுங்குளிரில் வைத்திருப்பார்கள். குளிர்ந்த நீர் நிறைந்த செம்பின் வெளிப்புறத்தில் முத்துமுத்தாக நீர் அரும்புவதை நாம் நாள்தோறும் காண்கிறோம். குளிரறையிலிருந்து எடுத்த பசைத்துணியின் மீதும் காற்றிலுள்ள ஈரம் அவ்வாறே படியக்கூடும். அந்த ஈரத்தோடு ஒட்டிய இடங்களிற் பசை உலோகத்தைச் சரியாகப் பற்றவில்லை. தகட்டின் மேற்பரப்பைத் தயார்செய்த முறையும் இடத்துக்கிடம் வேறுபட்டிருந்தது. பின்னர், உப்பும் ஈரமும் வெப்பமும் கலந்த ஹவாய்க் கடற்காற்று அந்தப் பலவீனமான இடங்களினூடே மெல்ல நுழைந்தது. பசை விலகியது, விலகிய இடத்தில் அலுமினியம் அரித்தது, அரிப்பினால் உண்டான உப்பல் தகடுகளை மேலும் நெம்பியது. பசை தாங்கவேண்டிய சுமை தறையாணிகளின் துளைகளுக்கு மாறியது. ஒவ்வொரு பறப்பிலும் அத்துளைகளின் கூரிய விளிம்புகளில் மயிரிழை போன்ற வெடிப்புகள் வளர்ந்தன. இறுதியில் அவை ஒன்றோடொன்று கைகோத்துக்கொண்டன.

விசாரணை செய்த அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை, ஒட்டு விலகியதையும் வெடிப்புகள் வளர்ந்ததையும் பராமரிப்பிற் கண்டுபிடிக்கத் தவறியமையையே விபத்தின் காரணமாகக் கூறிற்று. போயிங் நிறுவனமோ அந்தக் குளிர் ஒட்டு முறையை 1972ஆம் ஆண்டிலேயே, தனது 292ஆவது 737 விமானத்தோடு கைவிட்டிருந்தது. ஆயினும் அதற்கு முந்திய விமானங்கள் தொடர்ந்து பறந்தன. பசை பூசிய அன்று நேர்ந்த குறை தன் விலையைக் கேட்டது 19 ஆண்டுகளுக்குப் பின்னரே.

இனி, ஈரம் ஒட்டினுள் என்ன செய்கின்றது என்பதைச் சற்று ஆராய்வோம்.

பசை ஒரு பொருளைப் பற்றவேண்டுமானால் முதலில் அதன் மேற்பரப்பில் நன்கு பரவவேண்டும். தாமரை இலைமேல் விழுந்த நீர் உருண்டோடுவது போல் உருண்டால் ஒட்டாது. பரவிய பின்னர், பசையின் மூலக்கூறுகளும் பரப்பின் மூலக்கூறுகளும் மிக நெருங்கி நின்று ஒன்றையொன்று கவருகின்றன. இக்கவர்ச்சி ஒவ்வொன்றும் சிறிது. கோடிக்கணக்கிற் சேரும்போது பெரிது. இரும்பும் அலுமினியமும் வெளிக்கு வெறும் உலோகங்களல்ல. அவற்றின் மேல் மெல்லிய ஒட்சைட்டுப் படலம் எப்பொழுதும் உண்டு. பசை பற்றுவது அந்தப் படலத்தையே. ஆனால் அந்த ஒட்சைட்டுப் படலத்துக்குப் பசையினும் மிக விருப்பமான பொருள் ஒன்று உண்டு; அதுதான் நீர். 1974ஆம் ஆண்டில் கிளெட்ஹில், கின்லொக் என்னும் பிரித்தானிய ஆய்வாளர் இருவர், உருக்கின் மீது ஒட்டிய எப்பொக்சியைப் பற்றிக் கணித்து இதனைக் காட்டினர். உலர்ந்த காற்றில் அவ்வொட்டு நிலைபெற்று நிற்கும். நீர் வந்து சேர்ந்தாலோ, பசையும் ஒட்சைட்டும் பிரிந்து நிற்பதே இயற்கைக்கு உகந்த நிலையாகிவிடும். பசையை இடித்துத் தள்ளிவிட்டு அதன் ஆசனத்தில் நீர் அமர்ந்துகொள்கின்றது.

இது நீர் செய்யும் முதலாவது தீங்கு. இரண்டாவது, பசையின் உடலுக்குள்ளேயே நிகழ்வது. பசை கல்லைப்போல் இறுகியிருப்பினும் நீருக்கு அது முற்றாக மூடிய கதவன்று. எப்பொக்சி வகைகள் தம் எடையில் நூற்றுக்கு ஒன்று முதல் ஐந்து பங்கு வரை நீரை உறிஞ்சக்கூடியவை. உறிஞ்சிய பசை இளகுகின்றது. யாழ்ப்பாணத்துப் பனங்கட்டியை எண்ணிப் பாருங்கள். கோடையில் அதை உடைக்கக் கல் வேண்டும். மாரியில் அதுவே கசிந்து, குட்டானோடு ஒட்டி, விரலால் அழுத்தினாற் குழியும். அதன்மேல் யாரும் நீர் ஊற்றவில்லை. காற்றிலிருந்த ஈரமே அதைச் செய்தது. பசையின் இளக்கமும் அத்தகையதே.

மூன்றாவது தீங்கு இரசாயன முறையில் நிகழ்வது. அலுமினியத்தின் ஒட்சைட்டுப் படலம் நீரை ஏற்று, வலிமையற்ற ஐதரொட்சைட்டாக மாறித் தகட்டிலிருந்து உரிந்துவிடும். உரிந்த படலத்தோடு பசையும் வந்துவிடும். வேறு சில பசைகளிலோ நீர் அவற்றின் மூலக்கூற்றுப் பிணைப்புகளையே வெட்டுகின்றது. இதனை நீர்ப்பகுப்பு என்பர். இதற்கு எடுத்துக்காட்டைப் பின்னர்த் தருகிறேன்.

வெப்பத்தின் செயல் யாது? ஒவ்வொரு பசைக்கும் ஒரு குறித்த வெப்பநிலை உண்டு. அதற்குக் கீழே அது கண்ணாடிபோல் விறைப்பாக நிற்கும். அதனை நெருங்கும்போதும் கடக்கும்போதும் இறப்பரைப்போல் இளகும். அறிவியலார் இதனைக் கண்ணாடி நிலைமாறு வெப்பநிலை என்பர். உலையிற் சூடேற்றி இறுகச்செய்யும் விமானப் பசைகளில் இது 100 பாகை செல்சியசுக்கும் மேலாக இருக்கலாம். இரு குழாய்களிலிருந்து எடுத்துக் கலந்து, சாதாரண காற்றிலேயே இறுகவிடும் எப்பொக்சிகளில் இது பெரும்பாலும் 50, 60 பாகையை ஒட்டியே இருக்கும். அந்தப் பசை நீரையும் உறிஞ்சியிருந்தால், இவ்வெல்லை மேலும் பத்து, இருபது பாகை இறங்கிவிடும். நண்பகல் வெயிலில் நிற்கும் கரிய இரும்புத் தகட்டைக் கையாற் தொடமுடிவதில்லை அல்லவா? அந்தச் சூட்டை நினைவிற் கொண்டால், உலர்ந்த நிலையிற் பாதுகாப்பாக இருந்த ஒட்டு, நனைந்த பின் எத்துணை அபாயமான எல்லையில் நிற்கும் என்பது கூறாமலே விளங்கும்.

வெப்பம் இன்னும் இரண்டு காரியங்களைச் செய்கின்றது. ஒன்று, நீர் பசையினுள் ஊடுருவும் வேகத்தையும் அங்கே நிகழும் இரசாயன மாற்றங்களின் வேகத்தையும் அது கூட்டுகின்றது. ஆகவே குளிர்நாட்டில் பல ஆண்டுகளில் நேரும் சிதைவு வெப்பநாட்டில் விரைவில் நேர்ந்துவிடும். மற்றொன்று, சூட்டில் எல்லாப் பொருள்களும் ஒரே அளவில் விரிவதில்லை. எப்பொக்சியின் விரிவு அலுமினியத்தின் விரிவைப் போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. உருக்கின் விரிவைப் போல் நான்கு மடங்குக்கும் மேல். பகலில் விரிந்து இரவிற் சுருங்கும் ஒவ்வொரு நாளும் ஒட்டின் விளிம்புகள் இழுபடுகின்றன. விளிம்பில் உண்டாகும் நுண்ணிய பிளவுகளே நீர் உட்புகும் வாயில்கள். வெப்பம் கதவைத் திறக்க, ஈரம் உள்ளே நுழைகின்றது.

இனி, முன்னர்க் குறிப்பிட்ட நீர்ப்பகுப்புக்கு வருவோம். ஜேர்மனியின் பவேரியா மாநிலத்தில் பாட் ரைக்கன்ஹால் என்னும் ஊரில், 1970களின் தொடக்கத்தில் பனிச்சறுக்கு மண்டபம் ஒன்று கட்டப்பட்டது. அதன் கூரையைத் தாங்கியவை பலகைகளைப் பசையினால் ஒட்டி உருவாக்கிய பெட்டி வடிவமான மரவிட்டங்கள். ஒட்டுவதற்கு யூரியா போர்மல்டிகைட்டுப் பசையையும் பயன்படுத்தியிருந்தனர். இது மலிவானது, உலர்ந்த அறையில் நெடுங்காலம் நன்கு உழைப்பது. ஆனால் நீடித்த ஈரம் படும்போது, எந்த இரசாயனச் சேர்க்கையால் இப்பசை இறுகியதோ அச்சேர்க்கையே பின்னோக்கிக் குலையத் தொடங்கும். பனித்தளத்துக்கு மேலேயுள்ள கூரையோ ஈரத்துக்கு இருப்பிடமானது. கீழேயுள்ள பனி மரத்தைக் குளிர்விக்க, குளிர்ந்த மரத்தின்மீது காற்றின் ஈரம் துளிகளாகப் படியும். முப்பதுக்கும் மேற்பட்ட ஆண்டுகள் இவ்வாறு கழிந்தன. 2006ஆம் ஆண்டு ஜனவரி 2ஆம் நாள், கூரைமேல் வெண்பனி குவிந்திருந்த வேளையில், அது இடிந்து வீழ்ந்தது. 15 பேர் உயிரிழந்தனர். அவர்களுட் பெரும்பாலோர் சிறுவரும் இளைஞருமே. விட்டங்களின் கணிப்பிலும் கட்டடத்தின் பராமரிப்பிலும் வேறு குறைகளும் இருந்தன என்று ஆய்வாளர் கண்டனர். எனினும் ஈரமான இடத்துக்கு ஏலாத பசை என்பது அவற்றுள் முதன்மையான ஒன்று.

இவற்றைக் கேட்டு, பசையையே நம்பலாகாது என்ற முடிவுக்கு வந்துவிடக் கூடாது. இதன் மறுபக்கமும் உண்டு. 1941ஆம் ஆண்டில், இங்கிலாந்தின் டக்ஸ்போர்ட் என்னும் இடத்தில் நோர்மன் டி புரூயின் என்பவரும் அவரது துணைவரும் ரெடக்ஸ் என்னும் பசையை உருவாக்கினர். பினோல் வகைப் பிசினோடு பொலிவைனைல் போர்மல் என்னும் தூளைச் சேர்த்து, கொதிநீரினும் மிகுந்த சூட்டிலும் அழுத்தத்திலும் அதனை இறுகச்செய்வர். ஒட்டுமுன் அலுமினியத்தை அமிலக் கரைசலிலிட்டுப் பதப்படுத்துவர். 1955இல் முதன்முதலாகப் பறந்த பொக்கர் எப் 27 விமானங்களின் உடலிலும் இறக்கையிலும் இப்பசை பெருமளவிற் பயன்பட்டது. அவை வெப்பநாடுகளிலும் குளிர்நாடுகளிலும் பல பத்தாண்டுகள் பறந்து, இவ்வொட்டு முறைக்கு நற்பெயர் தேடித் தந்தன. 1970களில் அமெரிக்காவில், அலுமினியத்தைப் பொசுபோரிக்கு அமிலத்தில் மின்முறையாற் பதப்படுத்தும் வழி கண்டனர். அவ்வாறு உண்டாகும் ஒட்சைட்டுப் படலம் நுண்துளைகள் நிறைந்தது. நீருக்கு எளிதில் இளகாதது. பசை அத்துளைகளில் வேர்விட்டது போல் நிற்கும்.

பொக்கரின் தோலும் அலோஹாவின் தோலும் அலுமினியமே. இரண்டையும் ஒட்டியது பசையே. வேறுபாடு, ஒட்டுவதற்கு முன்பு செய்த ஆயத்தத்திலும், பசையை இறுகச்செய்த முறையிலும் இருந்தது. “எண்ணெய் தடவிக்கொண்டு மண்ணில் உருண்டாலும் ஒட்டுவதுதான் ஒட்டும்” என்று நம்மவர் ஊழைக் குறித்துச் சொல்வார்கள். பசையின் விடயத்தில் அது ஊழன்று; எண்ணெயைத் துடைப்பது நம் கையில் உள்ளது.

இதிலே ஒரு சிக்கலையும் மறைக்கலாகாது. நன்கு ஆயத்தஞ்செய்த ஒட்டும், அரைகுறையாக ஆயத்தஞ்செய்த ஒட்டும், முதல் நாட் சோதனையில் ஏறத்தாழ ஒரே வலிமையைக் காட்டக்கூடும். கேளா ஒலியைச் செலுத்திப் பார்த்தால் பசை இல்லாத வெற்றிடத்தைக் கண்டுபிடிக்கலாம்; பசை இருந்தும் பிடிப்பின்றி இருக்கும் இடத்தை அது சொல்லாது. ஒட்டை உடைக்காமல் அதன் வலிமையை அளக்கும் கருவி இன்றுவரை நம்பத்தக்க முறையிற் கிடைக்கவில்லை. ஆதலால் ஆப்புச் சோதனை என்னும் வழியைக் கையாள்கின்றனர். இரு தகட்டுத் துண்டுகளை ஒட்டி, ஒரு முனையிற் சிறிய ஆப்பை இறக்கிப் பிளந்து, பிளவு நின்ற இடத்தைக் குறித்துக்கொள்வர். பின்னர் அதனை ஏறத்தாழ 50 பாகை செல்சியஸ் சூடும் நிறைந்த ஈரப்பதனும் உள்ள பெட்டியில் வைப்பர். நல்ல ஒட்டிற் பிளவு சிறிதே நகர்ந்து நிற்கும். குறையுள்ள ஒட்டிலோ ஒரு மணி நேரத்துக்குள்ளேயே விறுவிறென்று ஓடிவிடும். ஈரமும் வெப்பமும் இழுவையும் ஒன்றுசேரும்போதுதான் ஒட்டின் உண்மை வெளிப்படுகின்றது.

விமானம் கட்டுவோருக்கு இவை தேவை. நமக்கென்ன என்று நேயர்கள் எண்ணக்கூடும். மாரியும் கடற்காற்றும் வெயிலும் மாறிமாறி வரும் நம் தீவில், வீடும் படகும் தளபாடமும் செய்வோர் அனைவருக்கும் இவற்றிற் பாடமுண்டு.

முதலாவது, இடத்துக்கேற்ற பசையைத் தேர்ந்துகொள்ளல். ஒட்டுப்பலகை வாங்கும்போது மேற்பலகையின் அழகை மட்டும் பார்க்கிறோம். உள்ளேயுள்ள பசை யாதென்று கேட்பதில்லை. உலர்ந்த அறையின் அலுமாரிக்கு யூரியாப் பசை போதும். குளியலறைக்கும் சமையலறைத் தொட்டியின் அடிப்புறத்துக்கும் படகுக்கும் பினோல் வகைப் பசையால் ஆன பலகை வேண்டும். இந்தியாவின் கடற்பலகைத் தரத்தில், துண்டுகளைக் கொதிநீரில் 72 மணி நேரம் இட்டுச் சோதிப்பர். பினோல் பசையின் கோடு பெரும்பாலும் கருஞ்சிவப்பாகத் தோன்றும். ஆயினும் நிறத்தை மட்டும் நம்பாது, பலகையிலுள்ள தர முத்திரையைப் பார்த்து வாங்குவதே நன்று. தச்சர் பயன்படுத்தும் வெள்ளைப் பசையும் ஈரத்திலும் சூட்டிலும் இளகி, தொடர்ந்து சுமை நின்றால் மெல்ல நழுவும். அதனைச் சுமை தாங்கும் வெளியிட வேலைக்குக் கொள்ளலாகாது.

இரண்டாவது, உலர்த்தலும் துப்புரவும். ஈரமரத்தை ஒட்டாதீர்கள், அது பின்னர்க் காய்ந்து சுருங்கும்போது ஒட்டைத் தானே கிழிக்கும். குளிரூட்டியில் வைத்த பசையை எடுத்தவுடன் திறவாதீர்கள். மூடியபடியே வைத்து, அது அறையின் சூட்டுக்கு வந்தபின் திறந்தால் அதன்மேல் நீர் அரும்பாது. அலோஹா விமானத்தின் கதை முழுவதும் இந்தச் சிறு செயலிற் சுருங்கியிருக்கிறது எனலாம். மழைநாளில் எப்பொக்சி பூசினால், இறுகும்போது அதன் மேல் வழுவழுப்பான படலம் ஒன்று படர்வதுண்டு. காற்றின் ஈரமும் கரியமிலவாயுவும் பசையின் இறுகுபொருளோடு கூடி அதனை உண்டாக்குகின்றன. அடுத்த பூச்சுக்கு முன் அதனைத் தூய நீராற் கழுவி, நன்கு உலர்த்தி, உரத்தாளால் தேய்த்துவிட வேண்டும்.

மூன்றாவது, விளிம்பைக் காத்தல். நீர் ஒட்டின் ஓரத்திலிருந்தே உட்செல்கின்றது. ஒட்டின் அகலத்தை இரண்டு மடங்காக்கினால், நீர் நடுவை எட்ட எடுக்கும் காலம் ஏறத்தாழ நான்கு மடங்காகும். ஆகவே குறுகிய ஒட்டைவிட அகன்ற ஒட்டு நெடிது வாழும். ஒட்டுப்பலகையின் வெட்டிய ஓரங்களையும், ஆணித்துளைகளையும், தகடு சேரும் விளிம்புகளையும் பூச்சினால் மூடிவைப்பது சிறு செலவு. அதனாற் கிடைக்கும் ஆயுள் பெரிது.

நான்காவது, தலைக்கு மேலே தொங்கும் பாரத்தைப் பசையிடம் மட்டும் ஒப்படையாதிருத்தல். வெயிலிற் சூடேறும் கொங்கிறீற்றுத் தட்டின் அடியில், கடையில் வாங்கிய எப்பொக்சியால் மட்டும் கொக்கியைப் பதித்து, அதில் மனிதர் தலைக்கு மேலே பாரத்தைத் தூக்குவது தகாது. முளையும் துளையும் செதுக்கிய பழைய தச்சரின் முன்யோசனை இவ்விடத்தில் இன்றும் நமக்கு வழிகாட்டும். பசை கைவிட்டாலும் தாங்கிக்கொள்ள இன்னொரு பிடி இருக்கவேண்டும்.

ஐந்தாவது, பார்வையிடல். பெரிய ஒட்டு விட்டங்கள் உள்ள மண்டபங்களைப் பேணுவோர், கூரை ஒழுகினால் சீலிங்கிற் கறை படிந்ததென்று மட்டும் கருதி வெள்ளையடித்து விடக்கூடாது. அந்த நீர் எந்த ஒட்டின் வழியாக வந்தது, எத்தனை காலமாக வந்தது என்று மேலே ஏறிப் பார்க்கவேண்டும். பாட் ரைக்கன்ஹாலில் வீழ்ந்த கூரையின் கீழே நின்றோர் எவருக்கும் அந்த ஒட்டுகள் தென்பட்டிருக்க மாட்டா.

உடைந்த ஆணி துருவைக் காட்டும். உளுத்த தூண் தூளை உதிர்க்கும். பசை அவ்வாறு முன்னறிவித்தல் அரிது. அது பணிசெய்யும் இடம் இரு பரப்புகளுக்கு இடையே, நம் கண்ணுக்கு எட்டாத இடம். ஆகவே அதன்மீது நாம் வைக்கும் நம்பிக்கை, பூசுமுன் நாம் எடுத்த சிரத்தையின் அளவினதாகவே இருக்கவேண்டும். உலர்ந்த பரப்பு, தூய பரப்பு, இடமறிந்து தேர்ந்த பசை, முழுதும் இறுகக் கொடுத்த அவகாசம், மூடிய விளிம்பு ஆகிய இவ்வைந்தும் அமைந்தால், ஈரமும் வெப்பமும் ஒட்டை விரைவில் வென்றுவிடா. இவற்றுள் ஒன்றையேனும் புறக்கணித்தால், அந்தக் குறை பல ஆண்டுகளுக்குப் பின் வேறு யாரோ ஒருவர் தலைமேல் வந்து விழக்கூடும்.